அடித்துச் சொல்லும் பழக்கம்

1

நேற்றோடு நான் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்கு வந்து பதினைந்து வருடம். இந்த நாளை நினைவில் வைத்திருப்பது நானல்ல. இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் தங்கை பிலோமினா. வருடம் தவறாமல் அழைப்பாள். குளிர் தொடங்கிவிட்டதா, மிரியம் எவ்வளவு வளர்ந்தாள், அத்தானின் முதுகுவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பாள்.

"எப்பக்கா வர்ற?"

அவள் கேட்பது விடுமுறைக்கு வருவதைப் பற்றி அல்ல. அப்படி மூன்று முறை போய்வந்துவிட்டேன். பெட்டி படுக்கையோடு ஒரேயடியாகத் திரும்பிவருவதைத்தான் கேட்கிறாள். நானும் வாய் கூசாமல் ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைச் சொல்லி வந்தேன்: "இன்னும் ரெண்டே வருஷம். அடிச்சுச் சொல்றேன், கட்டாயம் வந்துருவேன்."

போன வருடமும் அதையே சொன்னேன். ஃபோனை வைத்தபோது, எதிரே வெண்ணெய் தடவிய பாண் துண்டில் சொக்லேட் தூவிக்கொண்டிருந்த என் மகள் மிரியம் தலையைத் தூக்கினாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் முழுக்க விளங்கும், பேச மாட்டாள். டச்சு மொழியில் கேட்டாள்.

"நூற்றுக்கு எவ்வளவு, அம்மா?"

"என்ன எவ்வளவு?"

"சித்தியிடம் சொன்னது. நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம்?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஓர் இயந்திரத்திடம் இதே கேள்வியைக் கேட்பதுதான் என் தொழில். வீட்டிலும் அதைப் பற்றியே பேசி அவள் காதைக் குடைந்திருக்கிறேன். நான் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்ததுதான்.

2

தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் பலர் நான் கம்ப்யூட்டர் திருத்துகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் மொழி மாதிரிகளை இப்போது எல்லோரும் ஃபோனில் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் பெரியவை எங்கோ ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஓடுகின்றன. அவற்றோடு பேச சிக்னல் வேண்டும். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கி வரை ஏற வேண்டும். அதனால் எங்கள் குழு ஒரு சின்ன மாதிரியைச் செய்தது. சிக்னல் இல்லாமல், மலிவு ஃபோனுக்குள்ளேயே ஓடும். எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம், என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்று தோட்டத்து மக்கள் தமிழில் கேட்கலாம். மலையகத்துக்காக ஒன்று செய்யப்போகிறோம் என்று கேட்டபோது நான் தானாகவே கையைத் தூக்கினேன்.

சின்னதுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பெரியதிடமிருந்து அறிவை வடித்தெடுத்து இதற்குள் ஊற்ற வேண்டும். எங்கள் துறையிலும் அந்தப் பெயர்தான், வடித்தெடுத்தல். நாலு விடைகள் உள்ள ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். பெரியது வெறுமனே "இரண்டாவது" என்று சொல்வதில்லை. இரண்டாவதுக்கு அறுபது, மூன்றாவதுக்கு முப்பது, மற்ற இரண்டுக்கும் ஐந்து ஐந்து என்று உள்ளே பிரித்து வைத்திருக்கும். "இரண்டாவது" என்பதை மட்டும் சின்னதுக்குக் கொடுத்தால் அது விடையைப் படித்துக்கொள்ளும், தயக்கத்தைப் படிக்காது. அறுபதையும் முப்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் எங்கே தயங்க வேண்டும் என்பதும் அதற்கு வரும்.

தயங்குவதிலும் நேர்மை வேண்டும். இங்கே சைக்கிளை எடுக்குமுன் எல்லோரும் மழை பார்க்கும் செயலியைத் திறப்பார்கள். எழுபது வீதம் மழை என்று அது சொன்ன நாட்களில், நூறு நாளுக்கு எழுபது நாள் மழை பெய்தால் அதை நம்பலாம். நாற்பது நாள்தான் பெய்தது என்றால் அது கதை அளக்கிறது என்று அர்த்தம். நாங்கள் மாதிரிகளையும் அப்படித்தான் சோதிக்கிறோம். எவ்வளவு தெரியுமோ அவ்வளவு நிச்சயத்தோடு மட்டும் பேசப் பழக்குகிறோம். அவ்வளவுதான் என் தொழில்.

3

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் நகரசபையில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்று ஒரு கேள்வி. ஓராண்டு, ஐந்தாண்டு என்று கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் "தெரியாது" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசாங்கப் படிவத்தில் தெரியாது என்று எழுத இடம் விட்டிருக்கிறார்களே என்று. கண்டியில் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டத்தைக் கண்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னால் கை நீட்டி அடி வாங்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் அடிதான், ஆனால் முயற்சி செய்தாளே என்று ஓர் அடி குறையும். அதனால் எதையும் சத்தமாகச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

கண்டி டவுனில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார். தெரியாவிட்டாலும் கையை நீட்டி, "நேரா போய் எடப் பக்கம்" என்பார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்டு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது, அவ்வளவுதான்.

நான் அன்று நகரசபையில் "ஓராண்டு" கட்டத்தில் கோடு போட்டேன். நிச்சயமா என்று கேட்டார் படிவத்தை வாங்கிய அம்மா. நிச்சயம் என்பதற்கு டச்சு மொழியில் ஒரு சொல் உண்டு. கேட்பதற்கு நம்மூர் சேகர் மாதிரியே இருக்கும். அன்று எனக்குத் தெரிந்த டச்சு அந்த ஒரு சொல்தான். மூன்று முறை அதையே அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இங்கிருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணம் செய்தேன், வீடு வாங்கினோம், மிரியம் பிறந்தாள். அவள் பள்ளிக்குப் போய், எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்கி "தெரியாது" என்று கூச்சமே இல்லாமல் சொல்லும் பிள்ளையாக வளர்ந்துவிட்டாள். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் பட்டது.

4

பெரிய மாதிரிக்கு நம் மலையக விஷயங்களில் ஒரு குறை இருந்தது. நம் ஊர் அலுவலகங்களைப் பற்றி அது படித்தது கொஞ்சம், பேசுவது நிறைய. அப்படியே வடித்தால் அந்த மிடுக்கும் சேர்ந்து சின்னதுக்குள் வடியும். ஆகவே ஊரில் விஷயம் தெரிந்த ஐந்து பேரை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக விடை குறிக்கச் சொல்லுவது. ஐந்து பேரும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்து, பெரியதன் நிச்சயத்தை அங்கங்கே கூட்டிக் குறைப்பது. பிறகே சின்னதுக்கு வடிப்பது. இதுதான் ஏற்பாடு.

ஆட்களைச் சேர்த்தது பிலோமினா. அவள் கட்டுகஸ்தோட்டையில் ஆசிரியை. எங்கள் வீட்டிலேயே வேலை நடக்கட்டும் என்றாள். தெல்தோட்டையில் தோட்ட ஆபீஸ் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து ஐயா வந்தார். மடவளையிலிருந்து ஃபரீனா டீச்சர் வந்தார். பன்விலப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகளும் பின்னேரங்களில் வந்தார்கள். ஐந்தாவது ஆள் பிலோமினாவே.

விடைகள் வரத் தொடங்கின. எல்லாக் கேள்விக்கும் ஐந்து பேரும் ஒரே விடை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். எங்கள் குழுத் தலைவி லீன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட இந்த மேசையில் ஐந்து பேர் இப்படி ஒத்துப்போக மாட்டோமே" என்றார்.

"எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்" என்றேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

5

சின்னதைப் பன்வில பக்கத்தில் சில குடும்பங்களின் ஃபோன்களில் போட்டுப் பார்த்தோம். மிரியம் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட வாரம்தான் அது தொடங்கியது. மூன்றாம் வாரம் பிலோமினா அழைத்தாள். வழக்கமான கேள்விகள் எதுவும் இல்லை.

"அக்கா, ஞானம்மாவ தெரியும்ல? கொழுந்து எடுக்கிறவங்க, பன்வில தோட்டத்து மேல் டிவிசன்."

தெரியும். சோதனைக்குச் சேர்ந்தவர்களில் முதல் ஆள். அவளுடைய மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள்; அதற்கு அடையாள அட்டை வேண்டும். பிள்ளையின் பிறப்பைக் காலத்தில் பதியவில்லை. என்ன செய்வது என்று ஞானம்மா எங்கள் சின்னதிடம் கேட்டிருக்கிறாள். ஞானஸ்நானப் பத்திரமும் தோட்டத்துக் கடிதமும் போதும், நேரே கண்டிக்குப் போங்கள், இது நிச்சயம் என்று அது சொல்லியிருக்கிறது. வேலைக்கு லீவு போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார்கள். பாதி நாள் வரிசையில் நின்ற பிறகு, அவை போதாது, முதலில் பிறப்பைப் பதிந்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியாகத்தான் அனுப்பினார்கள். தப்பு எங்களுடையது.

"எங்கிட்ட வந்து அழுவுறாங்க. ஃபோனு அவ்வளவு அடிச்சு சொல்லிச்சே டீச்சர்ங்குறாங்க. நான் என்னத்த சொல்ல?"

எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், "நான் பாத்துக்குறேன்" என்றேன். பழக்கம்.

அந்தக் கேள்வியைத் தேடி எடுத்தேன். ஐந்து பேரும் ஒரே விடை. ஐந்துமே தப்பு. பெரியது தன் போக்கில் ஐம்பத்தைந்து என்று தயங்கியிருந்த இடம் அது. எங்கள் ஐந்து பேரின் ஒற்றுமையைப் பார்த்துத்தான் அதன் நிச்சயத்தைத் தொண்ணூற்றெட்டுக்கு உயர்த்தி, அதைச் சின்னதுக்கு வடித்துக் கொடுத்திருந்தோம். அதாவது அது ஒழுங்காகத் தயங்கியது. அதன் தலையில் தட்டி நிமிர்ந்து பேச வைத்தது நாங்கள். லீன் கேட்ட நாளிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். கோபம் என் மேலேயேதான் வந்தது.

6

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வீடியோவில் அழைத்தேன். இங்கே பதினொரு மணி, அங்கே பின்னேரம் வேலை நடக்கும் நேரம். பிலோமினாவின் மகன் எடுத்து, ஃபோனை அலுமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேசை. அதைச் சுற்றி ஐந்து கதிரைகள், தோளோடு தோள் இடிக்க ஐந்து பேர். நடுவில் பிஸ்கட் தட்டும் ப்ளேன்டீயும். ஐந்து திரைகளும் ஐந்து பேருக்கும் தெரியும். பிலோமினா கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். ஆளுக்கொரு விடை சொன்னார்கள். பன்வில ஆசிரியைகளுக்குள்ளேயே வாக்குவாதம். சவரிமுத்து ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, ரெண்டாவதே போடுங்க" என்றார்.

"எனக்கு மூணாவதுதான் சரின்னு வெளங்குது ஐயா" என்றார் ஃபரீனா டீச்சர். "எங்க பக்கத்துல அப்படித்தான் செய்ற."

"இருக்கலாம் டீச்சர். ஆனா ஆளுக்கொண்ணு எழுதி அனுப்புனா அங்க நம்ம புள்ளைக்குத்தானே கெட்ட பேரு? வெள்ளைக்காரங்க என்ன நெனப்பாங்க, இவ ஊரு ஆளுகளுக்கு ஒண்ணுமே ஒழுங்கா தெரியாதுன்னு நெனக்க மாட்டாங்களா?"

ஐந்து பேரும் இரண்டாவதை அழுத்தினார்கள்.

நம்ம புள்ளை என்று அவர் சொன்னது என்னை. தோட்டத்தில் சம்பள நாளன்று கணக்குக் குறையாமல் பார்க்க எங்கள் அப்பா கூடவே நின்றவர். நான் கம்பஸுக்குப் படிக்கப் போனபோது தோட்டம் முழுக்கப் போய்ச் சொன்னவர். என் மானத்தைக் காப்பாற்ற ஐந்து பேரும் தங்கள் சந்தேகத்தையெல்லாம் ப்ளேன்டீயோடு விழுங்கியிருக்கிறார்கள். நான் அதை உயர்ந்த ஒற்றுமை என்று திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"ஐயா" என்று கூப்பிட்டேன். அவர் திடுக்கிட்டு அலுமாரிப் பக்கம் பார்த்தார்.

"அட, புள்ள அங்கதான் இருக்கா! சாப்பிட்டியாம்மா?"

7

லீனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டச்சுக்காரர்கள் முகத்தில் அடித்தாற்போல் பேசுவார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் நாமாகத் தப்பை ஒப்புக்கொண்டால் அதற்குமேல் நோண்டவும் மாட்டார்கள். அவர் நாட்காட்டியைத் திறந்து, "ஆறு வாரம் தருகிறேன்" என்றார். "தனித்தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து குறிக்கட்டும். சின்னது தயங்கக் கற்றுக்கொண்டால் மலைக்குப் போகட்டும். இல்லாவிட்டால் இந்த வேலையை நிறுத்திவிடுவோம். தப்பை நிச்சயமாகச் சொல்லும் ஒன்றை அந்த மக்கள் கையில் கொடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் நின்றுபோனால் என் தங்கையும் அந்த நாலு பேரும் முகம் சுண்டி நிற்பார்கள். மலையகத்துக்கு என்று வந்த ஒரே வேலையும் போய்விடும்.

பிலோமினாவிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள்.

"தனித்தனியா உக்காரச் சொல்ற. எங்க உக்கார? வீட்டுல இருக்கிறது ஒரு மேசை. ஐயா வீட்டுல கரண்டு நிக்காது. டீச்சருக்கு வீட்டுல மூணு புள்ளைங்க, அங்க உக்காந்து எழுத முடியுமா? பன்வில டீச்சருங்க ரெண்டு பேரும் சிக்னலுக்கு எங்க போவாங்க?"

"மேல ரூம் இருக்கே, பிலோ?"

அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அது உன் ரூம்க்கா."

அந்த அறையைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. மாடியில் மகாவலி ஆற்றுப் பக்கம் ஜன்னல் வைத்த பெரிய அறை. நான் வெளிநாடு வந்த வருடம் பூட்டினாள். நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருடாவருடம் திறந்து சுண்ணாம்பு அடித்து, கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, திரும்பவும் பூட்டுவாள். அவளுடைய மகன் பெரிய பையனாகிவிட்டான். இன்னும் ஹோலில் படுக்கிறான், கீழே தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடகைக்குக் கேட்டபோதும், "அக்கா ரெண்டு வருஷத்துல வந்துருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். அவள் அப்படிச் சொன்னது என் வாயிலிருந்து போன சொல்லை நம்பித்தான்.

"அக்கா" என்றாள். "ஒண்ணு கேக்குறேன். அடிச்சு சொல்லாத. உன் மெஷின்கிட்ட கேக்குற மாதிரி உங்கிட்ட கேக்குறேன். நீ வருவியா? நூத்துக்கு எவ்வளவு?"

சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மிரியம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பேனா நின்றுவிட்டதைப் பார்த்தேன். அவளுடைய பள்ளிக்கூடம், இந்த வீடு, கணவரின் வேலை, என் வேலை. பதினான்கு வருடமாக நான் எண்ணிப் பார்க்காததையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். நூறு என்று சொல்வது சுலபம். தெரியாது என்று தப்பித்துக்கொள்வதும் சுலபம்தான். எனக்குத் தெரிந்ததைத்தான் அவள் கேட்டாள்.

"பத்து" என்றேன். "பத்துக்கு மேல இருக்காதுடி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன். மிரியம் எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் பிலோமினா கடைசியில். "சரி, வை. சாவி எங்க வச்சேன்னு தேடணும்."

8

இரண்டு நாள் கழித்து இரண்டு படங்கள் அனுப்பினாள். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய மூன்று மேசைகள், நடுவில் பழைய சேலைகளைக் கொடியில் போட்டு மறைப்பு. ஜன்னலோரத்தில் ஃபரீனா டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். இன்னொரு படத்தில், கீழே சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளிலும் சவரிமுத்து ஐயாவும் பிலோமினாவும், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. டீ குடிக்கும்போது கேள்விகளைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டாளாம். ஐயாவுக்குத்தான் அது பெரிய கஷ்டமாம்.

ஃபரீனா டீச்சர் இன்னொன்றும் செய்திருந்தார். ஐந்து பேரும் சேர்ந்து குறித்த நாட்களிலும், தன் மனதுக்குப் பட்ட விடையை சீ.ஆர். கொப்பி என்கிற பெரிய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரோடயும் சேர்ந்து கைய வச்சேன், அது வேற. எனக்கு வெளங்கினத ஒளிச்சதுக்கு மறுமையில கேள்வி வருமே. அதான் எழுதி வச்சேன்" என்றார்.

ஞானம்மாவின் கேள்விக்கு அந்தக் கொப்பியில் இருந்த விடை சரியான விடை.

புதிய குறிப்புகள் வந்தபோது எத்தனையோ கேள்விகளில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்திருந்தார்கள். தெல்தோட்டையில் ஒரு மாதிரி நடப்பது பன்விலயில் வேறு மாதிரி நடக்கிறது. சட்டம் ஒன்றானாலும் யாரிடம் முதலில் போவது என்பதில் ஆளுக்கோர் அனுபவம். அந்தப் பிரிவுகளையெல்லாம் அப்படியே சேர்த்து, பெரியதன் நிச்சயத்தைத் திருத்தி, சின்னதுக்குப் புதிதாக வடித்தோம். சோதித்துப் பார்த்தோம். எழுபது என்று அது சொன்ன இடங்களில் ஏறத்தாழ எழுபதுதான் சரியாக இருந்தது. வெற்றி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். மலைக்குப் போகட்டும் என்று லீனும் சொல்லிவிட்டார்.

ஞானம்மாவின் மகளை அதற்காகக் காத்திருக்க விடவில்லை. பிலோமினாவே லீவு போட்டு, கிராம சேவகரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போனாள். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அடையாள அட்டைக்குப் பதிலான தற்காலிகக் கடிதம் கையில் கிடைத்தது. பிள்ளை பரீட்சை எழுதிவிட்டாள். புதிய சின்னது வந்த பிறகு ஞானம்மா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறாள், வேண்டுமென்றே. "இதில் எனக்குப் பாதிக்குப் பாதிதான் நிச்சயம். கண்டிக்குப் போகுமுன் கிராம சேவகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றிருக்கிறது.

"இப்பத்தான் டீச்சர் அதுக்குப் புத்தி வந்திருக்கு" என்றாளாம்.

9

நேற்று பிலோமினா அழைத்தாள். குளிர், மிரியம், முதுகுவலி எல்லாம் கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் வரவில்லை. அதைக் கேட்காதது எனக்கு ஒரு பக்கம் இலேசாகவும், ஒரு பக்கம் ஏதோ பறிபோனது போலவும் இருந்தது. ஆகவே நானாகவே சொன்னேன்.

"நத்தாருக்கு வர்றோம். லீவுலதான். மூணு வாரம். டிக்கட் எடுத்தாச்சு."

"நெசமாவா? நூத்துக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

"மிச்சம் ரெண்டு?"

"இங்க பனி கொட்டினா பிளேன் நிக்கும்."

சிரித்தாள். பின்னால் மாடிப் படியில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. புதிய கேள்விகள் இன்னும் வருகின்றன; அன்றைய வேலை முடிந்து போகிறார்கள் போலிருக்கிறது. மிரியம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். நான் அதைத் தங்கையிடம் கேட்டேன்.

"பிலோ, மேல ரூம்ல மேசை போட்டாச்சே. நாங்க வந்தா எங்க படுக்கிறது?"

"ஹோல்ல பாய் போடுறேன்" என்றாள். "எனக்குப் பக்கத்துல."